மாதிரிக்குக் கொடுத்த நகல்

இந்தப் பை உங்கள் முழங்காலில் இடிக்கிறதா அம்மா? மன்னிக்க வேண்டும். உள்ளே இருப்பது தகர டின், அதனால்தான் இந்த விறைப்பு. மேலே வைக்கச் சொல்லிக் கண்டக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். நான்தான் மறுத்துவிட்டேன். கூரை ஒழுகுகிற பஸ்ஸில் மேலே வைக்கிற பொருள் இல்லை இது. மடியிலேயே இருக்கட்டும். உங்கள் பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்கிறேன்.

மரம் அறுக்கிற ஆட்கள் வந்துவிட்டார்களாம். ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார் டிரைவர். ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம். கட்டபெட்டு தாண்டினால் இந்தப் பருவத்தில் இப்படித்தான், ஒரு கற்பூர மரமாவது ரோட்டின் குறுக்கே படுத்துக்கொள்ளும். முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் திரும்பவும் இடமில்லை. பதினொரு மணிக்குள் நான் ஊட்டி ஆபீஸில் இருக்க வேண்டும். அசல் ஆவணங்களோடு நேரில் வரவும் என்று கடிதம். நேரில் என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் இந்த ஊர்தானா? கோத்தகிரியேவா? பிறந்ததும் இங்கேயா? அப்படியா. நல்லது.

சும்மாதான் கேட்டேன்.

என் பேச்சைக் கேட்டு நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். பரவாயில்லை, எல்லாரும் சிரிப்பதுதான். மேடையில் பேசுவது போலப் பேசுகிறேன் என்பார்கள். நான் தலைமையாசிரியை, பெயர் யோகேஸ்வரி. இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஓர் எஸ்டேட் ஓரத்தில் சின்னத் தொடக்கப்பள்ளி. ஆனால் இந்தப் பேச்சு வேலையால் வந்தது இல்லை. ஒன்பது வயதில் கப்பலில் வந்து இறங்கினேன். தலைமன்னாரில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினோம். அப்பா, அம்மா, தங்கை, நான். தாயகம் திரும்பியோர் என்று சர்க்கார் எங்களுக்குப் பெயர் வைத்தது. அழகான பெயர். இங்கே வந்து பார்த்தால் ஊரில் எங்கள் பெயர் சிலோன்காரங்க. மூன்று தலைமுறைக்கு முன்னால் இங்கிருந்து போனவர்கள்தானே நாங்கள்? அங்கே இருந்தவரை எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். வந்து சேர்ந்ததும் சிலோன்காரர்கள் என்றார்கள். கப்பல் ஏறி இறங்கிய அந்த ஒரு பகலில் எங்கேயோ மாறிவிட்டது. எங்கே என்று எனக்கு இன்றும் தெரியாது.

வகுப்பில் முதல் வாரம். கணக்கு வாத்தியார் ஏதோ கேட்டார். எழுந்து நின்று, "எனக்கு ஏலாது சேர்" என்றேன். எங்கள் பேச்சில் முடியாது என்பதற்கு அதுதான் சொல். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. நாலாம் வகுப்பு முடிகிறவரை என் பெயர் ஏலாது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி புத்தகத்தில் அச்சடித்திருக்கிற தமிழ்தான் பேசுவேன் என்று. புத்தகத் தமிழுக்கு மட்டும்தான் ஊர் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? யாராலும் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாது.

இல்லை, எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதைச் சொல்ல வந்ததே வேறு விஷயத்துக்காக.

எங்கள் எஸ்டேட்டில் இரண்டு வருடமாக வடநாட்டு ஆட்கள். ஜார்க்கண்ட் என்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரு வெறுப்பும் கிடையாது அம்மா, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கண்ணால் பார்ப்பதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஓர் அறையில் எட்டுப் பேர். என்ன சமைக்கிறார்களோ, அந்த வாசனை பள்ளிக்கூடம் வரை வரும். கொடுக்கிற கூலிக்குத் தலையாட்டுகிறார்கள், நம் ஆட்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. எங்கிருந்து வந்தார்கள், யார், எவர் என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் வந்தபோது எங்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள், எட்டுப் பேர், வாசனை, கூலி எல்லாமே. எங்களைப் பற்றிச் சொன்னது பொய். இது அப்படியில்லை, கண் முன்னால் நடப்பது.

எங்களுக்குக் காகிதம் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

இதோ, இந்த டின். சிலோன் பிஸ்கட் டின். மூடியில் இருந்த யானைப் படம் தேய்ந்துவிட்டது. அப்பா இதைக் கப்பலில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். உள்ளே பாஸ்போர்ட், குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த சீட்டு, கப்பல் சீட்டின் பாதி, அம்மை குத்திய சான்று. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பணி நியமன ஆணை, என் கணவரின் இறப்புச் சான்றிதழ். எங்கள் வீட்டில் காகிதத்தைக் கிழித்து எறிகிற பழக்கமே இல்லை. எங்கள் ஆட்களின் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் இப்படி ஒரு டின் இருக்கும். தீ விபத்து என்றால் முதலில் இதைத்தான் எடுப்பார்கள்.

குடும்ப அட்டையைப் பார்க்கிறீர்களா? கொஞ்சம் ஜன்னலை மூடுங்கள், தூறல் தெறிக்கிறது. இதோ. எல்லாரும் ஒரே படத்தில். அப்பா கையில் சிலேட்டு, அதில் சாக்பீஸால் எண். குற்றவாளிகளைப் படம் எடுப்பது போல இருக்கிறது என்று என் மகன் ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு அவனுக்கு நான் இதைக் காட்டுவதில்லை. இரட்டைப் பின்னலோடு முறைத்துக்கொண்டிருக்கிறதே, அது நான்.

இந்த அட்டை இல்லாமல் நான் பதினோரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றிருக்கிறேன். ஏதோ சரிபார்க்க வேண்டும் என்று அட்டையை ஓர் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா என்னைச் சேர்க்கக் கூட்டிப்போனபோது தலைமையாசிரியர், "சிலோன் பிள்ளைக்குக் கார்டு இல்லாம பேரு எழுத மாட்டேன்யா, நாளைக்கு என்னை யாரு கேப்பாங்க?" என்றார். அப்பா தினமும் ஆபீஸுக்கு நடந்தார். நான் தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ஏழாம் வாய்ப்பாட்டை நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கற்றேன். இன்றைக்கும் ஏழாம் வாய்ப்பாடு சொன்னால் எனக்குக் குளிர் எடுக்கும். ஆனால் அந்தத் தலைமையாசிரியர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் முறைப்படிதான் நடந்தார். காகிதத்தின் அருமையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அதனால்தான் சொல்கிறேன், ஜூன் மாதம் எத்வா வந்து நின்றபோது நான் செய்ததும் முறைதான்.

எத்வா என்றால் அந்த ஜார்க்கண்ட் ஆள். எத்வா ஓராவ். கவாத்து வெட்டுகிறவன், செடி வெட்டுகிற கத்தியோடேயே வந்து நின்றான். பக்கத்தில் அவன் மனைவி பூல்மனி. நடுவில் பெண் குழந்தை, ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. சுமந்தி என்று பெயராம். சுமந்தி என்று ஒரு பெயர் உண்டா? சுமதி என்று எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சட்டம் எனக்குத் தெரியும் அம்மா. ஆவணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. அந்தச் சுற்றறிக்கையைப் படித்தேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஆனால் ஆவணம் இல்லாமல் சேர்த்துவிட்டு, நாளைக்கு ஒருவர் வந்து இந்தப் பிள்ளை யார் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? அதிலும் என்னைக் கேட்டால்? இன்னொருவரைக் கேட்பதும் என்னைக் கேட்பதும் ஒன்றில்லை. அது உங்களுக்குப் புரியாது. தவறாக நினைக்காதீர்கள், நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர்.

ஆதார் அட்டையை நீட்டினான். ஆதார் எல்லாரிடமும்தான் இருக்கிறது. பூர்வீகம் தெரிகிற மாதிரி, குடும்பம் முழுவதும் இருக்கிற மாதிரி, முத்திரை குத்தின ஒன்று வேண்டும் என்றேன். விழித்தான். அவனுக்கு அரைகுறைத் தமிழ். சுமந்திதான் மொழிபெயர்த்தாள். இரண்டு வருடத்தில் அந்தக் குழந்தை பேசுகிற தமிழைக் கேட்க வேண்டுமே! லயத்தில், அதுதான் எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், எங்கள் பழைய ஆட்களோடு வளர்கிறாள். "டீச்சர், அப்பாவுக்கு விளங்க ஏலாதாம். எந்த மாதிரி பேப்பர்னு கேக்குறாரு" என்றாள்.

ஏலாது. ஜார்க்கண்டில் பிறந்த குழந்தை.

"முடியவில்லை என்று சொல்" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். குழந்தை அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மனம் கேட்கவில்லை. மறுநாள் இந்த டின்னைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போனேன். எத்வாவை உட்கார வைத்து இந்த அட்டையைக் காட்டினேன். அதோடு விடவில்லை. கையில் ஒரு மாதிரி இருந்தால் சொந்த ஊர் ஆபீஸில் காட்டிக் கேட்க வசதியாக இருக்கும் என்று, கோத்தகிரி போனபோது ஒரு நகல் எடுத்து வந்து கொடுத்தேன். யார் செய்வார்கள் சொல்லுங்கள்? நாற்பத்தெட்டு ஆசிரியர்கள் இருக்கிறோம் இந்த வட்டாரத்தில், ஒருவராவது செய்வார்களா? அந்த ஆள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் ரயில் ஏறிப் போனான். அவன் ஊர் பெயர் என்னவோ சொன்னார்கள். வாயில் நுழையாத பெயர். மஸ்கெலியா என்று என் ஊரைச் சொன்னால் இங்கே ஆபீஸில் ஒருவருக்கும் வாயில் நுழைவதில்லை, என்ன படித்தார்களோ.

அப்பன் வருகிறவரை பிள்ளை என்ன செய்வாள்? கடைசி வரிசையில் உட்கார அனுமதித்தேன். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை, ஆனால் உட்காரலாம். சத்துணவுக் கணக்கில் அவளைச் சேர்க்க முடியாது இல்லையா, அதனால் என் டிபனில் பாதி. அவளுக்குப் புளிச்சோறு பிடிக்கும், அதனால் புதன்கிழமைதோறும் அதுதான் செய்கிறேன். காலையில் பெயர் கூப்பிடுவேன். பதினேழு பெயர். பதினேழாவது பிள்ளை உள்ளேன் டீச்சர் என்று சொல்லி முடித்ததும், நான் பதிவேட்டை மூடுகிற நேரம் பார்த்து, பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"உள்ளேன் டீச்சர்."

பெயர் கூப்பிடாமல் பதில் சொல்லக் கூடாது என்று பலமுறை சொல்லிவிட்டேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. தலையாட்டுவாள். மறுநாளும் சொல்வாள்.

என்ன கேட்டீர்கள்? எத்வா வந்துவிட்டானா என்றா?

அதைத்தான் சொல்ல வருகிறேன். வரவில்லை. இன்றோடு நாற்பத்தொரு நாள்.

நான் மாதிரிக்குத்தான் கொடுத்தேன் அம்மா. இதைப் போல ஒன்று கேட்டு வாங்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? விண்ணப்பத்தோடு அதையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டான். டீச்சர் கொடுத்த காகிதம், கெட்டிக் காகிதம் என்று நினைத்திருக்கிறான். அந்த ஆபீஸ்காரர் பார்த்திருக்கிறார். புரியாத எழுத்து. நடுவில் ஆங்கிலத்தில் சிலோன் என்று இருக்கிறது. இவனுக்கு ஏது வெளிநாட்டுக் காகிதம்? கூப்பிடு போலீஸை!

ஆதாரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போனையும். விசாரணை முடிகிறவரை ஊரைவிட்டுப் போகக் கூடாது, தினமும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அதே ஊர்க்காரன். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்க மாட்டார்கள். காகிதத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

"இந்தப் படத்துல நீ எங்கடா இருக்கே?" என்று கேட்டார்களாம். அவன், பாவம், உண்மையைச் சொல்லியிருக்கிறான். இதோ, இந்த இரட்டைப் பின்னல்மேல் விரலை வைத்து, இது என் பெண்ணோட டீச்சர் என்றானாம்.

ஒன்பது வயதுப் பிள்ளையைக் காட்டி டீச்சர் என்றால் யார் நம்புவார்கள்? அடி விழுந்திருக்கிறது.

இதெல்லாம் அவன் தம்பியின் போனிலிருந்து பூல்மனிக்கு வந்த செய்தி. பூல்மனிக்குத் தமிழ் வராது, வந்த அளவுக்கு மரியாதை தெரியாது. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றுகொண்டு, "டீச்சர், நீ சிட்டி போடு. உன் சிட்டி வந்தா என் ஆள் விடுவான்" என்பாள். நீ என்கிறாள் என்னை. முப்பத்து நான்கு வருட சர்வீஸ். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உடனே சுமந்தி இடையில் புகுந்து, "டீச்சர், அம்மா தப்பா சொல்லலை. நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதுமாம். அந்தக் கார்டு உங்களோடது, நீங்கதான் குடுத்தீங்க, நான் உங்க ஸ்கூல்ல படிக்கிறேன்னு. கையெழுத்தும் சீலும் வேணுமாம். அப்பாவ விட்டுருவாங்களாம்" என்பாள்.

எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள் பாருங்கள். மூன்று விஷயம். அந்தக் குழந்தைக்கு அது மூன்று வரி. எனக்கு அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் படித்தவர், விளங்கும். புரியும்.

வருகிற மே மாதம் எனக்கு ஓய்வு. ஓய்வூதியக் கோப்பு போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. பணிப்பதிவேட்டில் பிறந்த இடம் மஸ்கெலியா, இலங்கை என்று உள்ளது. குடியுரிமையை நிறுவும் ஆவணம் இணைக்கப்படவில்லை. முப்பத்து நான்கு வருடம் குடியரசு தினத்துக்குக் கொடி ஏற்றியிருக்கிறேன். கயிறு சிக்கினால் நானே ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகளுக்கு இந்த ஊரில் பிறந்தவர், நல்ல நடத்தையுள்ளவர் என்று என் கையால் சான்று எழுதியிருக்கிறேன்! கடைசி வருடத்தில் என்னைக் கேட்கிறார்கள்.

கோபம் இல்லை. அவர்கள் முறைப்படி கேட்கிறார்கள்.

ஆனால் நிலைமையை யோசியுங்கள். எந்த அட்டையை நான் இன்றைக்கு அசல் ஆவணம் என்று கொடுக்கப் போகிறேனோ, அதே அட்டையின் நகல் அங்கே ஒரு போலீஸ் கோப்பில், வெளிநாட்டான் என்ற சந்தேகத்தின் பேரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, ஆமாம் அது என்னுடையதுதான் என்று எழுதினால் அந்தக் கடிதம் அங்கேயே நிற்குமா? விசாரிக்க இங்கே ஒரு பிரதி வரும். என் குடும்ப அட்டை ஏன் ஊர்பேர் தெரியாத ஒருவன் கைக்குப் போனது என்று கேட்பார்கள். முதலில் இவள் யார் என்று கேட்பார்கள். அப்புறம் அந்த மூன்றாவது வரி. சுமந்தி என் பள்ளியில் படிக்கிறாள் என்று எப்படி எழுதுவது? பதிவேட்டில் அவள் பெயரே இல்லையே! பெயர் எழுத அப்பன் காகிதம் கொண்டுவர வேண்டும். அப்பன் வர என் காகிதம் போக வேண்டும். என் காகிதத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருக்கிறது.

இன்றைக்கே பதிவேட்டில் எழுதிவிட்டால் என்ன என்கிறீர்களா?

எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். ஆகஸ்டு மாதத்தில், ஆவணம் இல்லாமல், என் கோப்பு மேஜைமேல் திறந்து கிடக்கிற நேரத்திலா? மே மாதம் முடியட்டும், ஓய்வு பெற்ற பிறகு எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுதுகிறேன் என்று பூல்மனியிடம் சொல்லிப் பார்த்தேன். ஒன்பது மாதம்தான். ஒன்பது மாதம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குழந்தை சொன்னாள், எஸ்டேட் ஆபீஸில் இந்த மாதக் கடைசிவரைதான் தவணையாம். ஆம்பிளை ஆள் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் அறை கிடையாது, காலி பண்ண வேண்டும். "அப்புறம் நாங்க எங்க போறது டீச்சர்?" என்றாள். குறையாகக் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டாள்.

நான் கல் நெஞ்சக்காரி இல்லை அம்மா. கடிதம் எழுதிவிட்டேன். இதோ, நீல உறை. பதினோரு நாளாகிறது எழுதி. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஓர் எழுத்துப் பிழை இருக்காது. வாசிக்கிறேன், கேளுங்கள். "மேற்படி எத்வா ஓராவ் என்பவர் இந்தியக் குடிமகன் என்பதையும், இணைப்பில் உள்ள நகலில் காணப்படும் குடும்பத்துக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும், அந்நகல் மாதிரிக்காக மட்டுமே வழங்கப்பட்டது என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்." நன்றாக வந்திருக்கிறது இல்லையா? யாரால் வழங்கப்பட்டது என்று வரவில்லை, கவனித்தீர்களா? அப்படி எழுதவும் தமிழில் வசதி இருக்கிறது.

கையெழுத்து மட்டும் பாக்கி. இதோ, கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இந்தப் பதினோரு நாளில் எத்தனை தபால் பெட்டியைத் தாண்டியிருப்பேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஒன்று இருக்கிறது, இன்று காலையில்கூட அதன் பக்கத்தில்தான் நின்றேன். பேனாவை எடுத்தேன். என் கையெழுத்தைப் போடப் போகும்போது ஒரு நினைப்பு வந்தது. இதைப் பார்த்து நம்புவார்களா? மஸ்கெலியாவில் பிறந்தவள் ஜார்க்கண்டில் பிறந்தவனை இந்தியன் என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? என்னையே இந்தியர் என்று இன்னொருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கட்டுமா?

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர். உங்கள் அப்பா, தாத்தா எல்லாரும் இங்கேதான் இருந்திருப்பார்கள். உங்களை ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த இடத்தில் உங்கள் கையெழுத்தைப் போட்டால் என்ன? அவனை உங்களுக்குத் தெரியாது, சரி. ஆனால் இப்போது எல்லாம் சொல்லிவிட்டேனே, ஒருவரைத் தெரிந்துகொள்ள இதற்குமேல் என்ன வேண்டும்? பேனா என்னிடம் இருக்கிறது. எழுதுகிற பலகைக்கு இந்த டின்னின் மூடி போதும்.

யோசிக்கிறீர்கள்.

நானே போட்டால்தான் செல்லும் என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா அம்மா? அட்டை என்னுடையது, நான்தான் கொடுத்தேன், முத்திரை என் பையில்தான் இருக்கிறது. எல்லாம் தெரியும். என்னால் ஏலாது... முடியாது என்று சொல்ல வந்தேன். இப்போதைக்கு முடியாது.

மரத்தை இழுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கண்டக்டர் எல்லாரையும் ஏறச் சொல்லி விசில் அடிக்கிறார். பஸ்ஸும் நகர்கிறது. பத்தரைதான் ஆகிறது, பதினொன்றுக்குள் போய்விடலாம்.

நீங்கள் சங்கடப்பட வேண்டாம். பரவாயில்லை, நான் ஏதோ பேச்சு வாக்கில் கேட்டேன். மேலே பாருங்கள், உங்கள் தோளில் ஒழுகுகிறது, இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். கடிதம் நனைந்தால் மை கலைந்துவிடும். அப்பாவின் பாஸ்போர்ட்டுக்கு அடியில் வைத்துவிடுகிறேன், அங்கே ஈரம் போகாது. மூடி கொஞ்சம் இறுக்கம், ஒரு கை கொடுங்கள். அவ்வளவுதான்.

பூல்மனியிடம் இன்று சாயங்காலம் சொல்லிவிட வேண்டும், கடிதம் பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று. இந்த டின்னுக்குள் போன காகிதம் ஒன்றுகூட இதுவரை தொலைந்ததில்லை.